லீவரை விட்டுக் கையை எடு

— மாமா, வாக்கி டாக்கியை ஏழாம் நம்பர் சேனலுக்கு மாத்துங்க.

— ஏன், இந்த சேனலுக்கு என்ன கேடு? அது இருக்கட்டும், கிரேன்ல தூக்கின லோடை ஏன் பாதியில நிறுத்திட்ட மாப்ள? சந்துக்கு மேல தொங்குது பாரு. இன்னும் பத்து மீட்டர் இந்தப் பக்கம் திருப்பினா நம்ம காம்பவுண்டுக்குள்ள வந்துரும்.

— ஏழுக்கு வாங்கன்னு சொல்றேன்ல. இதுல சைட் முழுக்கக் கேக்கும்.

— வந்துட்டேன். சொல்லு.

— கை நிக்க மாட்டேங்குது மாமா.

— என்னது?

— ரெண்டு கையும். லீவரைப் பிடிச்சா லீவரும் சேந்து ஆடுது. இப்ப கிரேன் பூமைத் திருப்பும்போது, நான் ஒண்ணுமே பண்ணல, கை தானா ஒரு வெட்டு வெட்டுச்சு.

— அதான் கம்பிக் கட்டு அந்த ஆட்டம் ஆடுச்சா? நான் காத்துன்னுல்ல நெனச்சேன். சரி, முதல்ல லீவரை விட்டுக் கையை எடு. எடுத்தா பிரேக் தானா விழுந்துரும். உனக்கு நான் சொல்லியா தரணும்.

— எடுத்துட்டேன்.

— எடுத்து எங்க வெச்சிருக்க?

— தொடைக்கு அடியில. மேல உக்காந்திருக்கேன்.

— அட, நல்ல யோசனைதான். அப்படியே இரு. சாப்பிடாம ஏறினியா? சர்க்கரை கிர்க்கரை இறங்கிருச்சா?

— நேத்து காலைலேருந்து மாத்திரை போடல.

— ஓ.

— ஒண்ணு கூடப் போடல மாமா. உங்ககிட்டயும் அக்காகிட்டயும் சொல்லாம நானே விட்டுரலாம்னு பாத்தேன்.

— நேத்துலேருந்து கொட்டாவி மேல கொட்டாவியா விட்டுக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தியே, அது இதுதானா? சளின்னு சொன்ன. நானும் நம்பி உங்க அக்காவைக் கஷாயம் வெக்கச் சொன்னேன்.

— குடிச்சேன்ல.

— இங்க பாரு மாப்ள, உண்மையைச் சொல்லு. ஒரு நாளைக்கு எத்தனை போட்டுக்கிட்டு இருந்த? அக்காகிட்ட ஆறுன்னு சொன்னியாம்.

— இருபத்திரண்டு.

— இருபத்... அடப்பாவி. சாப்பாட்டுக்குப் பதிலா அதைத்தான் தின்னியா?

— முதுகு வலின்னு மெடிக்கல் கடையில வாங்கினதுதான் மாமா. முதல்ல ரெண்டு. எட்டு மணி நேரம் இந்த சீட்டுல குனிஞ்சு காலுக்கு அடியில இருக்கற கண்ணாடி வழியா கீழயே பாத்துக்கிட்டு இருந்தா முதுகு என்னத்துக்கு ஆகும். ரெண்டு போட்டா வலி போச்சு. வலி மட்டுமில்ல, எல்லாமே லேசாச்சு. ஆறு மாசத்துல ரெண்டு கேக்கல, நாலு. அப்புறம் எண்ணறதையே விட்டுட்டேன்.

— இப்ப வலிக்குதா?

— வலி எப்பவோ போயிருச்சு மாமா. இப்பல்லாம் சந்தோஷத்துக்கும் போடல, வலிக்கும் போடல. போட்டாத்தான் சாதாரணமா இருக்க முடியுது. உங்களை மாதிரி.

— என்னை மாதிரின்னா அது ஒண்ணும் பெரிய லட்சியமில்லப்பா. சரி கேளு. அந்த இன்னொரு ஆபரேட்டரைக் கூப்பிடறேன்.

— அவன் ஊர்ல இல்ல. அவங்கப்பா காரியம்.

— ஆமால்ல. மறந்தே போச்சு.

— காத்தும் ஏறுது. மீட்டர் முப்பத்தெட்டு காட்டுது, காலைல இருபதுதான் இருந்துச்சு. ஐம்பதைத் தொட்டா இங்க மணி அடிக்கும், சைட் முழுக்கக் கேக்கும். லோடோட நிறுத்தி வெக்கவும் முடியாது. இப்பவே கட்டு சுத்துது மாமா, எனக்கு நேரா தெரியுது.

— எனக்கும் தெரியுது. கீழ சந்துல ரெண்டு பக்கமும் ஆளை நிறுத்தி அடைச்சிட்டேன். ஆனா அந்தப் பால்வாடி கேட் சந்துக்குள்ளதான திறக்குது. பன்னிரண்டரைக்கு விட்டுருவாங்க.

— இப்ப மணி?

— பன்னிரண்டு அஞ்சு.

— மாமா.

— சொல்லு.

— இன்ஜினியர்கிட்ட சொல்லிராதீங்க.

— நான் ஏன் சொல்றேன். காத்து அதிகம், ஆபரேட்டர் கொஞ்சம் பொறுக்கச் சொல்றான்னு சொல்லியிருக்கேன். நீ என்ன பண்ற இப்ப? மூச்சு ஏன் இப்படி இழுக்குது?

— கால் உதைக்குது. தானா. சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, ஆனா குளிருது. கை மயிரெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது. தலைக்குள்ள கரண்ட் விட்டு விட்டு அடிக்கற மாதிரி. இந்த டப்பாக்குள்ள எழுந்து நிக்கக்கூட இடமில்ல மாமா. வெளிய போகணும். கதவைத் திறந்து...

— ஏய்! கதவைத் தொடாத! கேட்டியா? அங்கேருந்து வெளிய போக ஏணி ஒண்ணுதான் வழி. இந்தக் கையோட நாப்பத்தஞ்சு மீட்டர் ஏணியா? நான் உயிரோட இருக்கற வரைக்கும் நடக்காது.

— தொடல. சும்மா சொன்னேன்.

— சும்மா கூடச் சொல்லாத. இரு, அந்த டாக்டரம்மாவுக்குப் போன் போடறேன். போன வாரம் உனக்கு வலிப்பு வந்தப்ப அக்கா கூட்டிட்டுப் போனாளே, அவங்க. ஸ்பீக்கர்ல போட்டு வாக்கி டாக்கி பக்கத்துல வெக்கறேன். நீ நேராப் பேசு.

— வேண்டாம் மாமா, திட்டுவாங்க. படிப்படியாத்தான் குறைக்கணும், நானா நிறுத்தவே கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க.

— திட்டினா திட்டட்டும். திட்டு வாங்கி இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல... ரிங் போகுது... அம்மா, வணக்கம்மா. போன வாரம் வலிப்புன்னு ஒரு பையன் வந்தானே, கிரேன் ஓட்டறவன், நாக்கைக் கடிச்சுக்கிட்டு. அவனோட அக்கா வீட்டுக்காரன் பேசறேன். அவன் இப்ப கிரேன் மேலதான் இருக்கான். இதோ பேசுங்க.

— வணக்கம், டாக்டர் பேசறேன். என் குரல் கேக்குதா உங்களுக்கு?

— கேக்குது டாக்டர்.

— கடைசி மாத்திரை எப்ப போட்டீங்க?

— நேத்து காலைல அஞ்சு மணி.

— முப்பது மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஒரேயடியா விட்டீங்களா?

— ஆமா டாக்டர். திட்டாதீங்க.

— திட்டல. தைரியமான காரியம்தான், ஆனா தப்பான வழி. இந்த மாத்திரையைப் பட்டுனு விட்டா மறுபடி வலிப்பு வரலாம். நீங்க அங்க இருக்கவே கூடாது. கீழ நிக்கறவரே, தீயணைப்புக்குச் சொன்னீங்களா?

— அம்மா, அவங்க வந்து, ஏணி போட்டு, மேல ஏறி... ஏறினாலும் கிரேனை ஓட்ட அவங்களுக்குத் தெரியாதும்மா. ரெண்டு டன் கம்பி சந்துக்கு மேல தொங்குது. இன்னும் இருபது நிமிஷத்துல பால்வாடிக் குழந்தைங்க வெளிய வரும்.

— பால்வாடிக்கு ஆள் அனுப்பி, குழந்தைங்களை வெளிய விட வேண்டாம்னு சொல்லுங்க.

— அனுப்பியாச்சு. ஆனா அது தகரக் கூரைம்மா. காத்துல கட்டு அவுந்து ஒரு கம்பி நழுவிச்சுன்னா உள்ள இருந்தாலும் ஒண்ணுதான், வெளிய வந்தாலும் ஒண்ணுதான்.

— சரி. புரியுது. தம்பி, நடுக்கம் ஒரே மாதிரி இருக்கா, கூடிக் குறையுதா?

— கூடிக் குறையுது. இப்பக் கொஞ்சம் கம்மி. ஆனா வரும். வரப்போறது எனக்கே தெரியும், முதுகுலேருந்து ஏறும்.

— அது போதும். அதை வெச்சுத்தான் வேலை பாக்கணும். அதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன நடக்குதுன்னு சொல்லட்டுமா? தெரிஞ்சா பயம் பாதி குறையும்.

— சொல்லுங்க.

— வலியை அடக்க உடம்பு தானாவே ஒரு மருந்தைச் சுரக்கும், எல்லாருக்கும். ரெண்டு வருஷமா நீங்க வெளியிலேருந்து கொட்டினதுல உங்க மூளை அந்த வேலையையே நிறுத்திருச்சு. அந்த மருந்து போய் உக்கார்ற இடங்களும் மரத்துப்போச்சு. அதனாலதான் ரெண்டு நாலாச்சு, நாலு பத்தாச்சு.

— இருபத்திரண்டும்மா.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார். இன்னொண்ணு கேளுங்க தம்பி. மாத்திரை உங்களை அமுக்கிக்கிட்டே இருந்துச்சு இல்லையா? நீங்க மூச்சை மறந்து தூங்கிரக் கூடாதுன்னு மூளைத் தண்டுல ஒரு சின்ன இடம் எதிர்ப் பக்கமிருந்து தள்ளிக்கிட்டே இருந்துச்சு. ஒரு கதவை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் தள்றாங்க. ஒருத்தன் சட்டுனு விலகிட்டா?

— இன்னொருத்தன் குப்புற விழுவான்.

— அதான் இப்ப நடக்குது. விலகினது மாத்திரை. விழறது உங்க நரம்பு. வேர்வை, மயிர் நட்டுக்கறது, கால் உதைக்கறது, பயம், எல்லாமே அந்தச் சின்ன இடம் பண்ற கூத்து. நீங்க கோழைங்கறதால இல்ல.

— டாக்டர், ஒண்ணு சொல்லட்டுமா. லோடு விழுந்துருமோன்னு பயமா இருக்கு. அந்தப் பயத்துக்கு அடியிலயே ஒருத்தன் உக்காந்துக்கிட்டு, ரெண்டே ரெண்டு போட்டா எல்லாம் சரியாயிரும்னு பேசிக்கிட்டே இருக்கான். என் குரல்லயே பேசறான். கீழ குழந்தைங்க இருக்கற நேரத்துல அதையா நெனப்பான் ஒருத்தன்? நான் மனுஷன்தானா?

— எப்பவும் எங்க வெச்சு மாத்திரை போடுவீங்க?

— இங்கதான். கேபின்ல. சீட்டுல உக்காந்து பெல்ட் போட்டதும்.

— அப்ப அந்த சீட்டும் பெல்ட்டும் கிரீஸ் வாசனையும் உங்க மூளைக்கு மாத்திரை வரப்போகுதுங்கற சேதி. அது தன் பங்கைக் கேக்குது, அவ்வளவுதான். பசிச்சவன் சமையலறைக்குள்ள வந்து நின்னா வயிறு கத்தாதா? அது பேசட்டும், நீங்க பதில் சொல்ல வேண்டாம். லோடை இறக்க இன்னும் எத்தனை அசைவு வேணும்?

— ரெண்டு போதும் டாக்டர். பூமைத் திருப்பணும். அப்புறம் இறக்கணும். இறக்கறதுதான் நீளம்.

— ஒரு அலை வந்து தணிஞ்சதும் முப்பது செகண்டு கிடைக்கும். அந்த முப்பதுல மட்டும் லீவரைத் தொடுங்க. அடுத்தது முதுகுல ஏறுதுன்னு தெரிஞ்சதுமே கையை எடுத்துருங்க. இன்னும் கொஞ்சம்தானேன்னு ஆசைப்படாதீங்க.

— மாமா, நீங்க எண்ணுங்க.

— எண்ணறேன். நீ சொல்லு எப்பன்னு.

— இப்ப வருது... வருது மாமா... ஐயோ.

— மூச்சை வெளிய விடுங்க தம்பி. இழுக்கறது முக்கியமில்ல, விடறதுதான். மெதுவா. நீளமா.

— மாப்ள, என் தலைக்கவசம் தெரியுதா கீழ? மஞ்சளுக்கு நடுவுல ஒரே ஒரு சிவப்பு. அதையே பாரு.

— தெரியுது... ம்... ம்... தணியுது. தொடறேன்.

— ஒண்ணு, ரெண்டு, மூணு... திரும்புது மாப்ள, அழகாத் திரும்புது... எட்டு, ஒம்போது... சுவரு வந்துருச்சு... பதினாலு, பதினஞ்சு... பாதிக் கட்டு உள்ள வந்தாச்சு... பத்தொன்பது...

— எடுத்துட்டேன்!

— நல்ல வேலை. நல்ல வேலை. சந்தைத் தாண்டப் பாதிதான் இருக்கு.

— மாமா, இது பெரிசு. இந்தத் தடவை பெரிசா வருது. வாந்தி வருது.

— எடுங்க, தப்பில்ல. ஆனா வெளிய எட்டிப் பாக்காதீங்க, உள்ளயே எடுங்க.

— மேலேருந்து என் தலையில விழாம இருந்தா சரி.

— சிரிக்க வெக்காதீங்க மாமா. முடியல.

— சிரி, சிரி. சிரிச்சா தப்பில்லையே டாக்டரம்மா?

— தாராளமா சிரிக்கலாம். எனக்கு என்னமோ இப்ப சிரிப்பு வரல.

— தணியுது. பிடிக்கறேன்.

— ஒண்ணு, ரெண்டு... வருது... ஆறு... முழுக்க உள்ள வந்துருச்சு மாப்ள! சந்து காலி! நிறுத்து!

— நிறுத்திட்டேன். குழந்தைங்க?

— அவங்களுக்கும் இதுக்கும் இனி சம்பந்தமில்ல. இப்ப இறக்கறது மட்டும். சாரத்துல முட்டாம நேரா இறங்கணும். கட்டுலேருந்து தொங்கற கயிறு எட்டற உயரத்துக்கு வந்தா நான் பிடிச்சுக்கறேன்.

— மாமா, கண்ணுல தண்ணியா வழியுது. அழல, தானா வருது. ஒண்ணும் தெரியல.

— தெரிய வேண்டாம். நான் பாக்கறேன்ல? உனக்கு இந்த வேலையைக் கத்துக்கொடுத்தது நீ கண்ணால பாக்கவா? கீழ நிக்கறவன் சொல்றதைக் கேக்கத்தான். கேட்டியா?

— கேக்குது.

— அப்ப இறக்கு. மெது... அப்படித்தான். நாலு, அஞ்சு. பத்து மீட்டர் போச்சு. பதினொண்ணு. வெச்சுக்க, வெச்சுக்க... போதும், எடு.

— எடுத்துட்டேன்.

— இன்னும் ரெண்டு தடவை. மாட்டேன்னு மட்டும் சொல்லாத.

— சொல்லல. நீங்க எண்ணுங்க.

— எண்ணறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு...

— வருது, எடுத்துட்டேன்.

— பரவால்ல. மூணுன்னாலும் மூணுதான். பொறு. தணியட்டும். ஒண்ணும் அவசரமில்ல.

— இப்ப.

— ஒண்ணு, ரெண்டு... கயிறைப் பிடிச்சிட்டேன்! வா, வா, வா... கட்டைக்கு மேல வருது... ஒரு சாண்... தொட்டாச்சு! மாப்ள, தொட்டாச்சு! கொக்கி தளந்துருச்சு!

— இறங்கிருச்சா? நிஜமாவா?

— மேல ஏறி நின்னுக்கிட்டுப் பேசறேன்டா! ரெண்டு டன் கம்பி மேல நிக்கறேன்!

— தம்பி, டாக்டர் பேசறேன். ரொம்ப நல்லாப் பண்ணீங்க. ரொம்பவே. இப்ப ரெண்டு பேரும் கவனமாக் கேளுங்க. அவர் தனியா ஏணியில இறங்கக் கூடாது. ரெண்டு பேர் மேல போயி, இடுப்புல கயிறு கட்டி, ஒருத்தர் மேலயும் ஒருத்தர் கீழயுமா இறக்கிக் கூட்டிட்டு வரணும். நேரா என்கிட்ட வரணும். மூணு வாரம், நாலு வாரம் ஆகலாம். மருந்து குடுத்துப் படிப்படியா இறக்கினா இந்த வேதனை இல்லாமலே வெளிய வந்துரலாம். அதுவரைக்கும் கிரேன் கிடையாது. சார், உங்ககிட்டதான் சொல்றேன். இன்னிக்கு மறுபடியும் அவரை லீவரைத் தொட விடக் கூடாது.

— விட மாட்டேம்மா. என் மச்சினன்மா அவன்.

— சத்தியமா?

— சத்தியமா.

— படுக்கை தயாரா வெக்கச் சொல்றேன். போனை வெச்சிடறேன்.

— மாமா, அக்காகிட்ட நான்தான் சொல்லுவேன். நீங்க முந்திக்காதீங்க.

— நீயே சொல்லு. இரு, இன்ஜினியர் கூப்பிடறார். ஒரு நிமிஷம், இந்தா வந்துட்டேன்.

— போயிட்டு வாங்க. நான் எங்க போகப்போறேன்.

— மாமா?

— சரி, நீங்க இன்னும் வரல போல, நான் பாட்டுக்குப் பேசறேன். பால்வாடி விட்டாச்சு. மேலேருந்து தெரியுது. ஒரு பொண்ணு ஒத்தச் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு ஓடுது. பின்னாடி அவங்கம்மா ஓடறாங்க. இது தினமும் நடக்கும் போல மாமா. ரெண்டு வருஷமா இதே இடத்துலதான் உக்காந்திருக்கேன், நான் பாத்ததே இல்ல. பாத்திருப்பேன். ஆனா ஒண்ணும் தோணினதில்ல. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமா இருக்கும். இப்ப உடம்பு பூரா எரியுது, ஆனா அந்தப் பொண்ணைப் பாத்து சிரிப்பு வந்துச்சு.

— மாமா, கேக்குதா? ஒண்ணு கூடப் போடாம இறக்கிட்டேன். அக்கா நம்ப மாட்டா. நீங்க சாட்சி சொல்லணும்.

— எங்க போனீங்க இவ்வளவு நேரம்? காக்காவே வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு. ஆள் கிடைக்கலையா? கம்பி கட்றவங்கள்ல ரெண்டு பேரைக் கேளுங்க, அவங்க ஏறுவாங்க.

— மாப்ள.

— வந்துட்டீங்களா. என்ன, மூச்சு வாங்குது? ஓடினீங்களா?

— காத்து இறங்கிருச்சாம். இன்ஜினியர் சொன்னார். மீட்டர் என்ன காட்டுது?

— இருபத்தாறு. அதுக்கென்ன?

— இன்னும் நாலு கட்டு கீழ கிடக்கு. அதை மேல ஏத்தினாத்தான் சாயங்காலம் கான்கிரீட் போட முடியும். லாரியெல்லாம் கிளம்பியாச்சாம்.

— நம்ம விஷயத்தைச் சொன்னீங்களா?

— உடம்பு சரியில்லன்னு சொன்னேன். என்ன உடம்புன்னு கேட்டார். வெறும் காய்ச்சல்னேன், நம்பல. உன் ஃபிட்னஸ் ஃபாரத்துல, இவன் எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள், எந்தப் பழக்கமும் இல்லன்னு யார் கையெழுத்துப் போட்டதுன்னு கேட்டார்.

— யாரு?

— நான்தான். உன்னை உள்ள கொண்டு வரும்போது. டாக்டர் சீட்டு கொண்டு வரட்டும், கூடவே ரெண்டு பேரும் கணக்கை முடிச்சுக்கிட்டுப் போயிருங்கன்னுட்டார். லைசென்ஸ் ஆபீஸுக்கும் எழுதுவாராம். அப்புறம் எந்த சைட்லயும் ஏற முடியாது. உனக்கு முப்பது வயசு. எனக்கு ஐம்பத்தாறு, என்னை யாரு எடுப்பா?

— மாமா, டாக்டர் சொன்னதை நீங்களும்தான கேட்டீங்க.

— கேட்டேன்.

— கை இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு மாமா. இதை வெச்சுக்கிட்டு நாலு கட்டு ஏத்த முடியாது. முடியவே முடியாது. ஆளை அனுப்புங்க.

— அனுப்பல. நானே ஏறி வர்றேன். ஏணியோட முதல் தட்டுக்கு வந்துட்டேன்.

— நீங்களா? அந்த வலிக்கற முட்டியை வெச்சுக்கிட்டு? என்னைக் கூட்டிட்டுப் போகத்தான வர்றீங்க?

— இரு, ரெண்டாவது தட்டு வரட்டும்.

— மாமா? கூட்டிட்டுப் போகத்தான?

— அக்காவுக்குத் தெரிய வேண்டாம் மாப்ள. தெருமுனை மெடிக்கல்ல உன் மாத்திரை ஒரு அட்டை வாங்கிட்டு வந்திருக்கேன்.